கீஸரில் ஈ3 வந்தால் போர்டு போய்விட்டதா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வாங்கி இரண்டு வருடம் ஆகப்போகும் 15 லிட்டர் டிஜிட்டல் கீஸர். ஒரு மாதமாகக் காலையில் போட்டால் பத்து நிமிடத்தில் 'பீப் பீப்' என்று கத்தி, ஈ3 என்று காட்டி நின்றுவிடுகிறது. அணைத்து, கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் ஓடுகிறது. மறுநாள் அதே கதை. பார்க்க வந்த மெக்கானிக் மூடியைக்கூடக் கழற்றவில்லை. போர்டு போய்விட்டது, 3,500 ரூபாய் ஆகும் என்கிறார். ஈ3 என்றால் என்ன? நாமே பார்க்கக்கூடியது எது, எப்போது கட்டாயம் ஆளைக் கூப்பிட வேண்டும்? கீழ்வீட்டில் கேஸ் கீஸர் வைத்திருக்கிறார்கள். பேசாமல் அதற்கே மாறிவிடலாமா என்றும் யோசிக்கிறோம்.

பதில்: போர்டுக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் ஒரு நல்ல தடயம் இருக்கிறது. அந்தப் 'பத்து நிமிடம்'.

அதற்கு வருமுன் ஈ3 பற்றி. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அர்த்தம் இதற்குக் கிடையாது. கீஸர் சொல்லக்கூடிய குறைகள் என்று பார்த்தால் நாலைந்துதான்: டேங்கில் தண்ணீர் இல்லாமல் காய்கிறது, அளவுக்கு மீறிச் சூடேறுகிறது, சூட்டை அளக்கும் சென்சார் வேலை செய்யவில்லை, கரண்ட் கசிகிறது. எந்தக் குறைக்கு எந்த நம்பர் என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஒருவருக்கு ஈ2 என்பது இன்னொருவருக்கு ஈ3. அதனால் வேறு கம்பெனி கீஸரைப் பற்றிய வீடியோவைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். உங்கள் கீஸரோடு வந்த கையேட்டில் கடைசிப் பக்கங்களில் சின்ன அட்டவணை இருக்கும். கையேடு பழைய பேப்பரோடு போயிருந்தால், கீஸரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து, அந்த மாடல் நம்பரைச் சொல்லிக் கம்பெனி சர்வீஸில் கேளுங்கள்.

இப்போது பத்து நிமிடக் கணக்கு. 15 லிட்டர் டேங்க், 2,000 வாட் எலிமெண்ட் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி) என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவுக்கு வழக்கமாக வருவது அதுதான். மேல்தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் 27 டிகிரி. பத்து நிமிடம் ஓடினால் அந்தத் தண்ணீர் சுமார் 46 டிகிரிக்குத்தான் வந்திருக்கும். 60-ஐத் தொட இன்னும் ஏழெட்டு நிமிடம் வேண்டும். அப்படியானால் 46 டிகிரியில் ஒரு கீஸர் ஏன் அலற வேண்டும்?

சென்சார் கம்பி அறுந்து போயிருந்தால் அது பத்து நிமிடம் காத்திருக்காது. சுவிட்ச் போட்ட உடனே கத்தும். போர்டு கெட்டிருந்தால் டிஸ்ப்ளே செத்துக் கிடக்கும், அல்லது இன்று ஈ1, நாளை ஈ4 என்று வாய்க்கு வந்ததைச் சொல்லும். தினம் ஒரே நேரத்தில், ஒரே கோட் என்றால் சூடு ஏறுவதோடு சம்பந்தப்பட்ட கோளாறு. என் சந்தேகம் எலிமெண்ட் மேல் படிந்திருக்கும் உப்புப் பொருக்கின் மீது. எலிமெண்டும் சென்சார் உட்கார்ந்திருக்கும் குழாயும் டேங்குக்குள் அருகருகே நிற்கின்றன. இரண்டையும் சேர்த்து வெள்ளைப் பொருக்கு மூடிக்கொண்டால், எலிமெண்டின் சூடு தண்ணீருக்குப் போகாமல் அங்கேயே தங்கி சென்சாரைச் சுடும். தண்ணீர் 46 டிகிரியில் இருக்க, சென்சார் அதைவிட எவ்வளவோ சூட்டை உணர்ந்து கத்திவிடும். அணைத்துக் கொஞ்சம் ஆறவிட்டால் மறுபடி சமாதானமாகிவிடும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான்.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். நாளைக் காலை ஈ3 வந்ததும் சுவிட்சை அணையுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து ஒரு மக்கில் பிடியுங்கள். கையைக் குழாய்க்கு நேராக நீட்ட வேண்டாம். மக்கில் இருப்பது குளிக்கிற சூட்டில்தான் இருக்கிறதென்றால் காரணம் பொருக்காக இருக்கும், அல்லது சூடானதும் மக்கர் பண்ணும் சென்சாராக இருக்கும். ஆவி பறக்கக் கொதித்து வருகிறதென்றால் கதை வேறு: சூட்டை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட்டோ ரிலேயோ ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்போது மறுபடி சுவிட்ச் போடவே கூடாது. குழாயிலிருந்து தண்ணீருக்குப் பதில் புஸ் புஸ் என்று காற்று வந்தால் டேங்க் நிறையவில்லை. மேல்தொட்டி காலியாகிற நாட்களில், கீழே யாராவது குழாயைத் திறந்தால் கீஸர் தண்ணீர் வந்த வழியே இறங்கிவிடும். அதைத் தடுக்க வேண்டிய வால்வில் உப்பு அடைத்து, மூடாமல் நின்றிருக்கும். மாடி வீட்டுக்காரர்களுக்கு இது அடிக்கடி வருகிற தொல்லை.

எங்கள் வீட்டில் சின்ன வயதில் செம்பு பாய்லர் இருந்தது. நடுக் குழாயில் அடுப்புக்கரி, சுற்றிலும் தண்ணீர். மேலே ஒரு சொம்பு பச்சைத்தண்ணீர் ஊற்றினால்தான் இந்தப் பக்கம் ஒரு சொம்பு வெந்நீர் வரும். தண்ணீர் ஊற்றாமல் நெருப்புப் போட்டால் ஈயப்பற்று உருகி ஒழுக ஆரம்பித்துவிடும். அதற்கு எரர் கோட் எங்கள் அம்மாவின் குரல்தான். கீஸர் மாறினாலும் சட்டம் மாறவில்லை: முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சுவிட்ச்.

நம் பகுதியில் இந்தப் பொருக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது என்றால், தண்ணீர்தான். வடசென்னைக்குத் தண்ணீர் தரத்தான் காட்டுப்பள்ளியில் 2010-ல், கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலையைத் தொடங்கினார்கள். குழாயில் வரும் மெட்ரோ வாட்டர் மட்டும் கீஸருக்குப் போனால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் நம் வீடுகளில் மெட்ரோ வாட்டர் சமையலுக்கு, போர் தண்ணீர் குளிக்க என்றுதானே பிரித்து வைத்திருக்கிறோம்? காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாகப் போகப் போக அந்தப் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை நல்லது, வேறு வழியில்லையென்றால் 600 வரை ஏற்கலாம் என்று இருக்கிறது. உங்கள் போர் தண்ணீர் கடினமானதா என்று தெரிய லேப் வேண்டாம். சோப்பு நுரைக்காமல் திரித்திரியாக வருகிறதா, பக்கெட் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுகிறதா, அவ்வளவுதான். அந்தத் தண்ணீரைச் சூடாக்கினால் கரைந்திருக்கும் சுண்ணாம்பு எலிமெண்ட் மீது உட்காரும். சூட்டைக் கூட்டி வைக்கிற அளவுக்கு வேகமாக உட்காரும். சென்னையின் மார்கழிக்கு 55 டிகிரியே தாராளம். 75-ல் வைத்துவிட்டுப் பாதிக்குப் பாதி பச்சைத்தண்ணீர் கலந்து குளிப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆக, மெக்கானிக்கிடம் நீங்கள் சொல்ல வேண்டியது: "கீழ் மூடியைக் கழற்றி, தண்ணீரை வடித்து, எலிமெண்டை வெளியே எடுத்துக் காட்டுங்கள்." இது அரை மணி நேர வேலை. பொருக்கு இருந்தால் கண்ணுக்கே தெரியும், முருங்கைக்காய் பருமனுக்குச் சுண்ணாம்பு பூசிய மாதிரி. சுரண்டிச் சுத்தம் செய்யலாம். எலிமெண்டின் உறையில் குழி விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கூடவே இருக்கும் மக்னீசியம் கம்பியையும் பாருங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும் கம்பி அது. உப்புத் தண்ணீரில் சீக்கிரமே பென்சில் ஈர்க்குச்சியாகிவிடும், அதை வருடம் ஒருமுறை பார்க்கச் சொல்கிற மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள். சென்சாரை மல்டிமீட்டரில் வைத்து, கொஞ்சம் சூடு காட்டினால் அதன் ரெசிஸ்டன்ஸ் சீராக இறங்க வேண்டும். இடையில் துள்ளினால் சென்சார் போச்சு, சின்னச் செலவு. இவ்வளவும் சரியாக இருந்து கோட் வந்தால்தான் போர்டைப் பற்றிப் பேச வேண்டும். கடல் காற்றின் ஈரத்தில் போர்டு கனெக்டர்கள் பச்சை பூப்பது உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது கடைசிச் சந்தேகமாக இருக்கட்டும். வெளி ஆளைக் கைவைக்க விடுமுன் பில்லை எடுத்துப் பாருங்கள். டேங்க், எலிமெண்ட், மொத்தப் பொருள் மூன்றுக்கும் வாரண்டி தனித்தனியாக எழுதியிருக்கும். இரண்டு வருடம் 'ஆகப்போகிறது' என்கிறீர்கள், எதற்காவது இன்னும் நாள் மிச்சம் இருக்கலாம்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது? ஒரு கோட் வந்தால் ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கலாம். திரும்ப அதே கோட் வந்தால் நிறுத்திவிட வேண்டும். நீங்கள் ஒரு மாதம் ஓட்டியிருக்கிறீர்கள். எலிமெண்ட் உங்கள் புண்ணியத்தில் தாக்குப்பிடித்திருக்கிறது.

ஆனால் எனக்குக் கோட் காட்டுகிற கீஸரைவிட, கோட் காட்டாமல் கெட்டுப்போகிற கீஸர் மீதுதான் பயம். கோட் என்பது மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிட்டதற்கான சீட்டு. நம்மைக் கொல்லக்கூடிய சில குறைகளுக்குப் பல மாடல்களில் டிஸ்ப்ளேயில் எழுத்தே வராது.

முதலாவது கரண்ட் கசிவு. உப்பு அரித்து எலிமெண்ட் உறையில் ஊசித்துளை விழுந்தால் தண்ணீர் வழியே கரண்ட் குழாய்க்கு வரும். சில மாடல்களில்தான் இதற்குக் கோட் உண்டு. குழாயைத் தொட்டால் 'லேசா சுர்ருங்குது' என்று வீட்டில் யாராவது சொன்னால், அது லேசான விஷயம் அல்ல. மெயினை அணைத்துவிட்டு உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மீட்டர் பெட்டியில் டெஸ்ட் பட்டன் உள்ள ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது விழுந்துவிட வேண்டும். மாதம் ஒருமுறை அந்தப் பட்டனை அழுத்திப் பாருங்கள். கீஸர் போட்டதும் எம்.சி.பி. (ஃபியூஸுக்குப் பதிலாக இருக்கும் சுவிட்ச்) விழுந்தால் ஷார்ட் அல்லது லோடு, ஆர்.சி.சி.பி. விழுந்தால் கசிவு. கசிவு என்றால் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுப் பார்ப்பது விளையாட்டு அல்ல. பழைய வீடுகளில் எர்த் கம்பி சுவருக்குள் எங்கேயோ அறுந்து கிடக்கும், ஆனால் பிளக் பாயிண்டில் மூன்று துளை இருக்கும். ராயபுரத்துப் பழைய வீடுகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஹவுஸ் ஓனரிடம் எர்த்தை டெஸ்ட் செய்துதரக் கேட்பது வாடகைக்கு இருப்பவர்களின் நியாயமான கேள்விதான். அப்புறம், 2,000 வாட் கீஸர் ஒன்பது ஆம்பியருக்குக் கிட்ட இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் பாயிண்டில் நேராகத்தான் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம்.

இரண்டாவது, சேஃப்டி வால்வு. 15 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது சுமார் 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் அளவு, பெருக்கும். அது போக இடம் இல்லாவிட்டால் அந்த வால்விலிருந்து சொட்டும். சூடேறும்போது மட்டும் சொட்டினால் அது குறையே அல்ல. காசிமேட்டில் ஒரு வீட்டில், சொட்டுகிறது என்று யாரோ அந்த வாயில் டம்மி பிளக் போட்டு டெஃப்ளான் டேப்பைச் சுற்றி இறுக்கி, மேலே எம்-சீலும் பூசியிருந்தார்கள். டேங்கின் வயிறு லேசாகப் புடைத்திருந்தது. நான் அந்த வீட்டில் முதலில் செய்தது கரண்டை எடுத்ததுதான். வால்வு ஓயாமல் ஒழுகினாலோ, டேங்கின் உடம்பிலிருந்து துருத் தண்ணீர் வடிந்தாலோ, உள்ளே கடகடவென்று கொதிக்கிற சத்தம் வந்தாலோ, பிளக்கில் கருகல் வாடை அடித்தாலோ மெயினை அணைத்துவிட்டு, மெக்கானிக் வரும்வரை கீஸரைத் தொடாதீர்கள்.

கீழ்வீட்டுக் கேஸ் கீஸருக்கு மாறுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பாத்ரூமுக்குள் என்றால் வேண்டாம். அதில் வரும் கோட்கள் பெரும்பாலும் அற்பமானவை: பற்றவில்லை என்றால் உள்ளே இருக்கும் இரண்டு பெரிய பேட்டரி தீர்ந்திருக்கும், இல்லை சிலிண்டர் தீர்ந்திருக்கும், இல்லை தண்ணீர் வேகம் போதாது. பயப்பட வேண்டியது கார்பன் மோனாக்சைடு. கதவைச் சாத்திய சின்ன பாத்ரூமில் காற்று போதாமல் கேஸ் எரிந்தால் அது உண்டாகும். நிறம் கிடையாது, மணம் கிடையாது, ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், கால் தளர்வு என்று வருவதற்குள் தாழ்ப்பாளைத் திறக்கும் தெம்பும் போய்விடலாம். கீழ்வீட்டாரிடம் இதைச் சொல்லுங்கள்: கீஸர் பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், புகைக்குழாயோடு இருக்க வேண்டும். ஜுவாலை நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ கரி படிந்தாலோ அன்றே நிறுத்திவிட வேண்டும். யாராவது உள்ளே மயங்கினால் கதவைத் திறந்து வெளியே இழுத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். கேஸ் வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். ஜன்னல் மட்டும் போதாது, கதவையும் திறந்து வையுங்கள். ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

சரி, உங்கள் ஈ3-க்கு வருவோம். மெக்கானிக்குக் கீழே உள்ளதை வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள்: கீஸர் ஸ்டிக்கரின் போட்டோ, "15 லிட்டர், போர் தண்ணீர், போட்டுப் பத்து நிமிடத்தில் ஈ3, அப்போது மக்குத் தண்ணீர் இவ்வளவு சூடு, ஆறவிட்டால் ஓடுகிறது, எலிமெண்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும்." இவ்வளவு விவரம் சொல்லுபவரிடம் மூடியைக் கழற்றாமல் போர்டு விலை சொல்ல யாருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அவர் வரும்வரை கீஸர் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, அண்டாவில் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அண்டாவைத் தரையில் இறக்கி வைக்காதீர்கள்.