டிபன் பாக்ஸ் மூடியில் இருக்கும் அச்சு ஏன் உரிந்து வருகிறது?

கேள்வி இது: புதிதாக வாங்கிய டிபன் பாக்ஸ் மூடியில் இருந்த பூப்படம் பத்தே நாளில் நகத்தோடு வந்துவிட்டது. அதே வீட்டு மிக்ஸியின் பட்டனில் உள்ள எழுத்து ஐந்து வருடமாக அசையவில்லை. மட்டமான மைதான் காரணமா?

மையைத் திட்டாதீர்கள், பாவம். அம்பத்தூர் பக்கம் ஒரு சின்ன பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் 12 வருடமாகப் பிரிண்டிங்கையும் அசெம்பிளியையும் பார்த்துவருகிறேன். எங்களுக்குத் திரும்பி வந்த மூடிகளில் மை கெட்டுப்போய் உரிந்தவை மிகக் குறைவு.

மூடி பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக், பட்டறையில் பிபி என்போம். மிக்ஸி பட்டன் அநேகமாக ஏபிஎஸ் என்ற வேறு வகை பிளாஸ்டிக். சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருப்பீர்களே, முத்து முத்தாக உருண்டு ஓடும். பிபி மேல் மையும் ஏறக்குறைய அப்படித்தான். பரப்பு எவ்வளவு ஒட்டவிடும் என்பதை டைன் கணக்கில் சொல்வோம். பிபிக்கு அது 30ஐ ஒட்டி இருக்கும். மை பரவி உட்கார 38க்கு மேல் வேண்டும். ஏபிஎஸ் இயல்பிலேயே அந்த அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போதாததற்கு மையில் உள்ள தின்னர் ஏபிஎஸ்ஸைக் கொஞ்சம் கரைத்து உள்ளே பிடித்துக்கொள்ளும். பிபியை அந்தத் தின்னர் ஒன்றும் செய்யாது.

அதனால் பிபிக்கு அச்சடிக்கும் முன் ஃபிளேம் அடிப்போம். காற்று சற்றுக் கூடுதலாக வைத்த நீலச் சுடரை மூடி ஒரு நொடிக்கும் குறைவாகக் கடந்து போகும். பார்த்தால் ஒன்றுமே ஆகாதது போல் இருக்கும். ஆனால் மேல்தோலில் ஆக்சிஜன் ஏறி, மை பிடிக்க இடம் கிடைத்துவிடும். ஃபிளேம் அடித்ததை அப்படியே கிடப்பில் போட்டால் அந்தக் குணம் மெல்ல இறங்கிவிடும். சூட்டோடு சூடாக அச்சடிப்பதுதான் நல்லது. அவசர ஆர்டரில் இந்தப் படியைத் தாண்டிவிட்டால் உங்கள் வீட்டுப் பூப்படத்தின் கதிதான்.

ஃபிளேம் ஒழுங்காக அடித்தும் மாட்டிக்கொண்டோம் ஒரு தடவை. சுமார் 4,000 மூடி. டேப் டெஸ்டில் ஒரே பக்கத்தில் மட்டும் மை பிய்த்துக்கொண்டு வந்தது. டேப் டெஸ்ட் என்பது, அச்சின் மேல் கட்டரால் 1 மி.மீ. இடைவெளியில் 6 கோடு, குறுக்கே 6 கோடு போட்டு, கிடைக்கும் 25 கட்டங்களின் மேல் டேப்பை அழுத்தி ஒரே இழுப்பாக இழுப்பது. ஃபிளேமுக்கான கேஸை மாற்றினோம், மையை இறுகவைக்கும் ஹார்ட்னர் அளவை மாற்றினோம், பேச்சு வாங்கினோம். கடைசியில் எங்கள் பிரிண்டிங் அண்ணன் அச்சடிக்காத மூடி ஒன்றை எடுத்து, பரப்பு மை பிடிக்குமா என்று காட்டும் டைன் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பாதி தூரம் கோடு கோடாகவே நின்றது. மீதிப் பாதி, கண்ணெதிரே, பொட்டுப் பொட்டாக உடைந்தது.

“தம்பி, இது என் மெஷின்ல வந்த வினை இல்ல. மோல்டிங்ல போய்க் கேளு.”

நைட் ஷிஃப்ட்டில், மூடியை வார்க்கும் டையில் மூடி சிக்குகிறது என்று ஆபரேட்டர் சிலிக்கான் ஸ்பிரே அடித்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, அந்த டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. துடைத்து, மறுபடி ஃபிளேம் அடித்தும் முக்கால்வாசி தேறவில்லை. வேடிக்கை என்னவென்றால், பேட் பிரிண்டிங்கில் மையை பிளேட்டிலிருந்து எடுத்து மூடியில் வைக்கும் அந்த மெத்தென்ற பேடும் சிலிக்கான்தான். எதையும் தன்மேல் தங்கவிடாத குணத்தால்தான் அது மையை முழுசாக விட்டுக்கொடுக்கிறது. அதே குணம் மூடியின் மேல் ஏறினால் நாங்கள் காலி.

மை ஒட்டாத அதே காரணத்தால்தான் பசையும் பிபியில் நிற்பதில்லை. “ரெண்டு பாகத்தையும் ஒட்டிக் கொடுத்துருங்க” என்று பார்ட்டி சுலபமாகச் சொல்லிவிடுவார். ஸ்னாப் லாக், ஸ்க்ரூ, இல்லையென்றால் அல்ட்ராசோனிக் வெல்டிங் என்று நாங்கள் பேச்சை மாற்றுவோம். வெல்டிங்கில் ஒரு பாகத்தின் விளிம்பில் முக்கோண வரப்பு ஒன்று மோல்டிலேயே வந்திருக்கும். ஹார்ன் என்னும் உலோகக் கட்டை மேலே அழுத்தி நொடிக்கு 20,000 தடவை அதிர, அந்த வரப்பு மட்டும் உருகி இரண்டையும் பிடித்துக்கொள்ளும். அச்சடித்த முகத்தின் மேல் ஹார்ன் இறங்குவதாக இருந்தால் நடுவே ஒரு பாலித்தீன் தாளை வைப்போம். இல்லாவிட்டால் பளபளப்பான வடு விழும்.

சரி, கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது? பெயிண்ட் வாளி, ஐஸ்கிரீம் டப்பாவில் படம் உரிவதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அது இன் மோல்டு லேபிள். பிபியில் செய்த லேபிளையே டைக்குள் வைத்து, அதன்மேல் உருகிய பிபியைச் செலுத்துவார்கள். இரண்டும் ஒன்றாகிவிடும். படத்தின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மேடு தட்டாவிட்டால் அது இன் மோல்டு லேபிளாக இருக்க வாய்ப்பு உண்டு.

உங்களிடம் இருக்கும் மூடியில் மிச்சப் பூவும் அரைகுறையாக அசிங்கமாகத் தெரிந்தால் சுரண்ட வேண்டாம். செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். எங்கள் டெஸ்டில் தோற்கக்கூடிய மூடி என்றால் அதோடு வந்துவிடும்.