ஓதம் ஏறிய சுவரை மறைத்து வீட்டைக் காட்டலாமா?

கேள்வி: தஞ்சாவூரில் 1988-இல் அப்பா கட்டிய வீட்டை விற்க முடிவு செய்திருக்கிறோம். அம்மாவும் மறைந்தபின் ஓராண்டாக வீடு பூட்டியே கிடக்கிறது. குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு ஓதம் ஏறியிருக்கிறது. "பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிட்டால் போதும், ஆறு மாதத்துக்குத் தெரியாது" என்கிறார் தரகர். தம்பி துபாயில் இருக்கிறான். வீட்டை எப்படித் தயார் செய்து காட்டுவது?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: தரகர் சொன்னதைச் செய்ய வேண்டாம். முதலில் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கையில் வெண்பொடி மட்டும் ஒட்டி, சுவர் காய்ந்திருந்தால், குளியலறை புழக்கத்தில் இருந்தபோது டைல்ஸ் இடுக்குகள் வழியாகக் கசிந்த நீர் விட்டுச்சென்ற உப்பாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும். ஓராண்டாக யாரும் குளிக்காத வீட்டில் சுவர் இன்னும் சில்லென்று ஈரமாக இருந்தால், சுவருக்குள் செல்லும் தண்ணீர்க் குழாய் கசிகிறது, அல்லது அடித்தளத்திலிருந்தே ஈரம் ஏறுகிறது. மாடித் தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, இரவில் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, காலையில் மீண்டும் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு உண்டு. காரணத்தைச் சரிசெய்து, உப்பிய பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல்லைச் சில வாரங்கள் காற்றாட விட்ட பிறகே மறுபூச்சும் வண்ணமும். ஈரச் சுவரில் பட்டி பார்த்து அடித்த பெயின்ட், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அப்பளம்போல் உப்பிக்கொண்டு வந்துவிடும்.

இது நேர்மை தொடர்பானது மட்டுமன்று, சட்டம் தொடர்பானதும்கூட. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாத வரையில், விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளை விற்பவரே எடுத்துச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவதை மோசடி என்றே அந்தப் பிரிவு குறிப்பிடுகிறது. ஆகவே சுவரைச் சரிசெய்தபின், கொத்தனாருக்கும் குழாய் வேலைக்கும் கொடுத்த ரசீதுகளை எடுத்துவைத்து, வருகிறவரிடம் நீங்களே காட்டுங்கள். வாங்குகிறவரும் நம்மைப்போல் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுவருகிறவர்தானே. இந்த இடத்தில் குறை இருந்தது, இப்படிச் சரிசெய்தோம் என்று சொல்கிற வீட்டுக்காரரின் மற்றப் பேச்சையும் அவர் நம்புவார்.

அடுத்தது, பூட்டிக் கிடந்த வீட்டின் வாடை. தரைக் குழாய்களின் வளைவில் நிற்க வேண்டிய நீர் வற்றிவிட்டால் சாக்கடை வாடை வீட்டுக்குள் ஏறும். அந்தக் குழாய்த் துளை ஒவ்வொன்றிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாலே அது நின்றுவிடும். ஓராண்டாக ஓடாத மோட்டார் பிடித்துக்கொண்டிருக்கலாம் என்பதால், ஆள் வருவதற்கு முன்பே ஓட்டிப் பாருங்கள். தொட்டியைக் கழுவி, நிலத்தடித் தொட்டியின் மூடியை எளிதாகத் திறக்கும்படி வையுங்கள். போர்வெல் எத்தனை அடி, கோடையில் தண்ணீர் நின்றதா என்று எல்லோரும் கேட்பார்கள். விடை தெரிந்திருக்க வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்துவிடாதீர்கள், இருட்டு வீட்டில் டார்ச் அடித்துக் காட்டினால் யாருக்கும் மனம் ஒப்பாது.

அம்மாவின் பொருள்களை ஒதுக்குவதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும். பரணில் இருக்கும் பித்தளைப் பாத்திரங்களையும் சுவரிலிருக்கும் படங்களையும் உடன்பிறந்தவர்கள் கூடி முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் யாரோ ஒருவரிடம் மொத்தமாக எடைக்குப் போட்டுவிட்டு, பின்னால் வருந்துகிற குடும்பங்கள் உண்டு. சமையலறை மேடையும் மாடிப்படிக்குக் கீழுள்ள இடமும் காலியாக இருந்தாலே வீடு பெரிதாகத் தெரியும். புதிய மாடுலர் சமையலறை போன்ற பெருஞ்செலவு வேண்டாம். வாங்குகிறவர் அதைத் தம் விருப்பப்படி மாற்றத்தான் போகிறார். வாஸ்துவுக்காகச் சுவரை இடிப்பதும் அப்படியே.

ஆவணங்களை, வீட்டைக் காட்டத் தொடங்குவதற்கு முன்பே தயார் செய்யுங்கள்: தாய்ப்பத்திரம், அப்பாவின் கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி வரைபடம், நடப்பு ஆண்டு வரை செலுத்திய சொத்து வரி ரசீது, வாரிசுச் சான்றிதழ். அசலை யாரிடமும் கொடுக்காமல் நகல் மட்டும் கொடுங்கள். வாரிசுகள் எல்லோரும் கையொப்பமிட வேண்டும். தம்பி வர இயலாவிட்டால், அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரத்தை அனுப்பலாம்; அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் அதற்கு முறைப்படி முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். இதற்கே நாளாகும் என்பதால் இப்போதே தொடங்கிவிடுங்கள். விலை பேசும்போது, முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் வாங்குபவர் கணக்கில் சேரும் என்பதை மனத்தில் வையுங்கள். முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம்தருவதில்லை. வங்கி வழியாகவே பெறுங்கள்.

கேள்வி: வேளச்சேரியில் வாடகைக்கு விட்டிருக்கும் அடுக்குமாடி வீட்டை விற்க விரும்புகிறேன். குடியிருப்பவர்களை வைத்துக்கொண்டே வீட்டைக் காட்டலாமா?
— வாசகர், சென்னை

பதில்: காட்டலாம், ஆனால் அவர்களிடம் முதலில் நேரில் சென்று பேசுங்கள். வாரத்தில் இரண்டு நாள், குறிப்பிட்ட நேரம் என்று அவர்கள் வசதிப்படி வகுத்துக்கொண்டு, தரகர் தம் விருப்பத்துக்கு வந்து கதவைத் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மனம் நொந்திருக்கும் குடித்தனக்காரர், வருகிறவரிடம் வீட்டைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லமாட்டார்.

உங்கள் பகுதியில் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றித்தான். தரைத்தளத்தில் எத்தனை அடி தண்ணீர் நின்றது, வாகன நிறுத்துமிடம் மூழ்கியதா என்பதை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டாலே அவர்களுக்குத் தெரிந்துவிடும். மனையில் உங்களுக்குரிய பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்பதையும், வாகன நிறுத்துமிடம் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்து வையுங்கள். சங்கத்துக்குப் பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் வாங்கிவிடுங்கள். குடியிருப்பவர் தொடர்வாரா காலி செய்வாரா, அவர் கொடுத்திருக்கும் அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டியவர் நீங்களா வாங்குபவரா என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.