மச்சானின் வைப்பு, உங்கள் தலையில் வரி

கேள்வி: நான் மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிறேன். தனியார் துறையில் பொறியியலாளர், மாதச் சம்பளம் 240,000 ரூபாய். மனைவியின் அண்ணன் சுவிஸில், பேர்ன் பக்கம். அவர் வருடக்கணக்காக அனுப்பிய காசு ஒன்றரைக் கோடி, என் பெயரில் நிலையான வைப்பில் கிடக்கிறது. கொஞ்சம் வங்கியால் வந்தது, மிச்சம் உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் கைமாற்றி. 8 வீத வட்டி மாதாமாதம் வரும், வந்ததும் மாமியின் கணக்குக்குப் போட்டுவிடுவேன். மச்சானுடைய வீட்டு வாடகை 40,000-உம் என் கணக்குக்குத்தான் வரும், அதுவும் மாமிக்கே. போன வருடம் வரி கட்ட மனைவியின் தாலிக்கொடியை இரண்டரை லட்சத்துக்கு அடகு வைத்தேன், இன்னும் மீட்கவில்லை. இந்த முறை பிழை வரக்கூடாதென்று 18,000 ரூபாய்க்கு ஒரு வரி மென்பொருள் வாங்கி வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டேன். 2025/26-க்கு இன்னும் 276,000 கட்டவேண்டும் என்று காட்டுகிறது. மூன்று தரம் போட்டுப் பார்த்தேன், அதே தொகைதான். மென்பொருள் பிழையா? புது லப்டொப்பும் அதோடு வரும் ஏஐ மென்பொருளும் 24 மாதத் தவணைக்குத் தருகிறார்கள், மாதம் 14,500. எடுக்கலாமா? மச்சான் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கக் கோயிலுக்கு வருகிறார். வைப்பு ஜூன் 12-இல் முதிர்கிறது.

பதில்: எடுக்க வேண்டாம். முதலில் உங்கள் மென்பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பாவம் அது பிழை விடவில்லை. நீங்கள் கொடுத்ததைக் கூட்டிச் சொல்லியிருக்கிறது. நானும் ஒரு பழைய எக்செல் தாளில் போட்டுப் பார்த்தேன், அதே 276,000. அந்த வீட்டு வாடகை உங்கள் வருமானம்தானா என்று அது கேட்காது, கேட்கவும் தெரியாது. "வாடகை" என்று ஒரு பெட்டி இருந்தது, கணக்குக்குக் காசு வந்திருந்தது, நீங்கள் நிரப்பிவிட்டீர்கள்.

வீட்டு உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது? மச்சானுடைய பெயரில் என்றால் வாடகை மச்சானுடைய வருமானம். உங்கள் கணக்கு அதற்கு வெறும் வாய்க்கால். அதை எடுத்துவிட்டால் 276,000 என்பது 159,600 ஆகிவிடும். ஒரு பெட்டியை வெறுமையாக விட்டதற்கு 116,400 ரூபாய், ஏஐயும் தேவைப்படவில்லை. அந்த வாடகைக்கு மச்சான் இங்கே வரி கட்டவேண்டுமா என்பது வேறு கதை. அவர் இலங்கைக் குடியுரிமையை வைத்திருக்கிறாரா, விட்டுவிட்டாரா என்பதைப் பொறுத்துத்தான் அவருக்கு 18 லட்சம் கழிவு, அதாவது வரி இல்லாமல் விடும் தொகை, கிடைக்குமா என்பதே. அதை அவர் பார்த்துக்கொள்ளட்டும். குடியிருப்பவரிடம் சொல்லி அடுத்த மாதத்தில் இருந்து வாடகையை நேரே மாமியின் கணக்குக்குப் போடச் சொல்லுங்கள்.

சரி, மிச்ச 159,600. இதுதான் கதை.

உங்கள் சம்பளம் மட்டும் என்றால் வருடம் 2,880,000. 18 லட்சம் கழிய 1,080,000 மிஞ்சும். முதல் பத்து லட்சத்துக்கு 6 வீதம் 60,000, மேலே உள்ள 80,000-க்கு 18 வீதம் 14,400, ஆக 74,400. இது மாதம் 6,200 ஆக உங்கள் சம்பளத்திலேயே வெட்டப்படுகிறது, வேலைத்தளத்துச் சிலிப்பில் ஏபிஐடி என்று ஒரு வரி கிடக்குமே, அதுதான். அதோடு உங்கள் வரிக் கணக்கு முடிந்தது. கட்ட ஒரு சதமும் இல்லை. அதாவது மச்சான் இல்லாவிட்டால் நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

இப்போது வைப்பின் வட்டி 1,200,000-ஐ மேலே ஏற்றுங்கள். வட்டி உங்கள் சம்பளத்துக்கு மேலே போய் உட்காருகிறது, கீழே அல்ல. 6 வீதப் படி சம்பளத்தாலேயே நிரம்பிவிட்டது. வட்டியின் முதல் ரூபாயே 18 வீதத்தில் தொடங்கி, 24 வீதத்தைத் தாண்டி, கடைசி 280,000 ரூபாய் 30 வீதத்தில் போய் நிற்கிறது. முழு வரி 354,000. சம்பளத்தில் வெட்டிய 74,400, வங்கி வட்டியில் வெட்டிய 10 வீதம் 120,000, இரண்டையும் கழித்தால் 159,600. மச்சான் "வங்கிதான் வெட்டிப்போட்டானே, மறுகா என்ன வரி?" என்று கேட்பார் என்று நினைக்கிறேன், எல்லா மச்சான்மாரும் கேட்கிற கேள்வி. வங்கி வெட்டுவது முற்பணம் மட்டும். மிச்சத்தைத் தீர்ப்பது யாருடைய பெயரில் வைப்பு இருக்கிறதோ அவருடைய வேலை.

போன வருடத் தாலிக்கொடியும் இதே வழியால்தான் போனது. அப்போது கழிவு 12 லட்சம், வங்கி வெட்டியது 5 வீதம் மட்டும், அதனால் அடி இன்னும் பெரிதாக விழுந்திருக்கும். நீங்கள் தொட்டுக்கூடப் பார்க்காத வட்டி, ஒவ்வொரு மாதமும் உங்கள் கணக்கில் ஒரு இரவு தங்கிவிட்டு மாமியிடம் போகிறது, அதற்கான வரியை உங்கள் மனைவியின் கழுத்தில் இருந்து எடுத்திருக்கிறீர்கள். உங்களைக் கெடுப்பது கம்ப்யூட்டரோ வரியோ அல்ல. தொகையை மச்சானிடம் சொல்லக் கூச்சப்பட்டு, கடன் வாங்கி மூடிவிடுகிற பழக்கம். கடிதத்தில் எல்லாத் தொகையும் எழுதியிருக்கிறீர்கள், மச்சானிடம் இதைச் சொன்னதாக ஒரு வசனம்கூட இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று எனக்கு விளங்காமல் இல்லை. நீங்கள் இருப்பது மனைவியின் சீதன வீடாக இருக்கும், மாமியும் அங்கேதான் இருப்பார், மச்சான் போனில் கூப்பிட்டால் அந்த விறாந்தையில் வைத்துத்தான் கதைக்கவேண்டும். நம் பக்கத்தில் பெண் வீட்டில் குடியிருக்கிற மாப்பிள்ளை காசுக்கதை எடுத்தால் அது வேறு மாதிரித்தான் விழும். ஆனால் நீங்கள் அவரிடம் காசு கேட்கவில்லை. அவருடைய காசுக்கு அவருடைய செலவு எவ்வளவு என்று சொல்லப்போகிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல.

இன்னொன்றும் யோசியுங்கள். பேர்னில் வீட்டில் இருந்தபடியே வரி விவரத்திரட்டைச் செய்ய அந்த மாகாண அரசே டக்ஸ்மீ என்று ஒன்றை மக்களுக்குக் கொடுத்திருக்கிறது, மச்சானும் அதில்தான் செய்கிறார் என்று நினைக்கிறேன். சுவிஸில் வசிப்பவர் வருமானத்தை மட்டுமல்ல, சொத்தையும் காட்டவேண்டும், வெளிநாட்டில் கிடக்கும் வைப்பு உட்பட. அங்கே சொத்துக்கும் வரி உண்டு. இந்த ஒன்றரைக் கோடி ஏன் அவருடைய பெயரில் இல்லாமல் உங்கள் பெயரில் இருக்கிறது? நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை, மாமிக்கு வசதி என்றுகூட இருக்கலாம். ஆனால் ஒருவர் தன் பெயரில் வைக்க விரும்பாத காசை உங்கள் பெயரில் வைக்கும்போது காரணம் கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

உண்டியலில் வந்த பங்குதான் எனக்கு வரியைவிடப் பயமான விசயம். இங்கே நீங்கள் கொடுக்கும் விவரத்திரட்டில் வருமானம் மட்டுமல்ல, சொத்தும் கடனும் எழுதும் பகுதி இருக்கிறது. 240,000 சம்பளக்காரரின் பெயரில் ஒன்றரைக் கோடி வைப்பு. எங்கிருந்து வந்தது என்று இறைவரித் திணைக்களம் கேட்டால் வங்கியால் வந்த பங்குக்கு ஒரு தாள் எடுக்கலாம். உண்டியலில் வந்ததற்கு? கடையில் ஒரு ஆள் எண்ணித் தந்த காசுக்கு எந்தத் தாளும் கிடையாது. வைப்பைக் காட்டாமல் விட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். 10 வீதம் வெட்டிய வங்கி யாருடைய பெயரில் வெட்டினோம் என்று ஏற்கெனவே கொடுத்துவிட்டது. இந்த மாதமே வங்கியில் போய் வெளிநாட்டில் இருந்து வந்த ஒவ்வொரு தொகைக்கும் பதிவை எடுத்து ஒரு கோப்பில் போடுங்கள். உண்டியல் பங்குக்கு மச்சானிடம் சட்டத்தரணி மூலம் ஒரு சத்தியக்கடதாசி வாங்குங்கள், அது முழுப் பாதுகாப்பு என்று நான் சொல்லமாட்டேன், வெறுங்கையோடு நிற்பதைவிட மேல். இனிமேல் உண்டியல் ஒரு ரூபாயும் வேண்டாம். புதுக் காசு அனுப்ப விரும்பினால் வெளிநாட்டில் இருப்பவர் தன் பெயரிலேயே திறக்கக்கூடிய கணக்குகள் இங்கே வங்கிகளில் இருக்கின்றன, உள்முக முதலீட்டுக் கணக்கு என்று கேட்டால் எடுத்துச் சொல்வார்கள்.

அப்புறம், வரிக்கு ஒரு வழி. வட்டி முழுவதும் மாமிக்குத்தான் போகிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள். அப்படியென்றால் வைப்பு ஏன் மாமியின் பெயரில் இல்லை? அவருக்கு வேறு வருமானம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். வருடம் 12 லட்சம் வட்டி, கழிவு 18 லட்சம். வரி பூச்சியம். வரி இலக்கம் எடுத்து, தன் வருமானம் 18 லட்சத்துக்கு மேலே போகாது என்று வங்கிக்கு ஒரு பிரகடனப் படிவம் கொடுத்தால் அந்த 10 வீதத்தையும் வெட்டமாட்டார்கள். இப்போது மாமியின் கைக்கு மாதம் 90,000 போகிறது, அப்போது முழு ஒரு லட்சம் போகும். உங்கள் பெயரில் இருப்பதால் இந்த வட்டிக்கு மட்டும் வருடம் 279,600 போய்க்கொண்டிருக்கிறது. அதில் 120,000 மாமியின் பங்கில் இருந்து வெட்டப்படுகிறது, 159,600 உங்கள் பையில் இருந்து.

ஒரு நிபந்தனை. மச்சான் உண்மையாகவே தாய்க்குக் கொடுப்பதாக இருக்கவேண்டும், ஒரு கடிதத்தில் எழுதிக் கையொப்பத்துடன். பெயரை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே தன் காசாகவே வைத்திருந்தால் நீங்கள் இருந்த இடத்தில் மாமி நிற்பார், அவ்வளவுதான் வித்தியாசம். மாமிக்குப் பிறகு அது எல்லாப் பிள்ளைகளுக்கும் போகலாம், அதையும் மச்சான் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும். அவர் மாட்டேன் என்றால் அடுத்த வழி கசப்பானது, ஆனால் நேர்மையானது. மாமிக்குப் போகும் 90,000-இல் இருந்து மாதம் 13,300-ஐ எடுத்து வேறு சேமிப்புக் கணக்கில் போடுங்கள். பன்னிரண்டு மாதத்தில் அது 159,600. வரிக்குரிய காசு வட்டியில் இருந்தே வரும், அடகுக்கடைப் பக்கம் போகத் தேவையில்லை.

இதைச் சொல்ல மாமாங்கத் தீர்த்தம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வந்த பிறகு பந்தல், சொந்தக்காரர், தயிர், நண்டுக்கறி, யாருக்குக் கணக்குக் கேட்க நேரம்? இன்றைக்கே வட்ஸ்அப்பில் குரலாகப் பேசாமல் எழுத்தாக அனுப்புங்கள். இப்படி: "மச்சான், உங்கட வைப்பு வட்டிக்கு இந்த வருசம் வங்கி வெட்டினதுக்கு மேலால 159,600 வரி வருது. போன வருசத்தை நான் தாலிக்கொடிய அடகு வெச்சுக் கட்டினன், அதை உங்களுக்குச் சொல்லல்ல, அது என்ர பிழை. ஜூன் 12 வைப்பு முடியிது. அம்மாட பேருக்கு மாத்துவமா, உங்கட பேருக்கு மாத்துவமா எண்டு சொல்லுங்க. என்ர பேரில திரும்பப் போடமாட்டன்." கடைசி வசனத்தை மட்டும் மென்மையாக்காதீர்கள்.

லப்டொப் விசயம். மாதம் 14,500, 24 மாதம் என்றால் 348,000. அதே லப்டொப்பின் காசு விலையைக் கடையில் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம்தான் நீங்கள் கட்டும் வட்டி. மென்பொருள் எவ்வளவு கெட்டித்தனமாக இருந்தாலும் கடைசியில் இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் நீங்களே உள்நுழைந்து எண்ணைப் போடவேண்டும். உங்கள் விவரத்திரட்டில் சம்பளம் ஒன்று, வட்டி ஒன்று, வெட்டியது இரண்டு. இதற்கு எக்செல் தாள் தாராளம், கொப்பியில் பேனையால் எழுதினாலும் போதும். "கூடுதல் ரீஃபண்ட் எடுத்துத் தரும்" என்று விற்கிறவர்கள் எந்தக் கழிவை எங்கிருந்து எடுக்கப்போகிறார்கள் என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள். அதே 14,500-ஐ மாதாமாதம் அடகுக்குக் கட்டுங்கள். 14 வீத வட்டி என்று வைத்தால் ஏறக்குறைய இருபது மாதத்தில் தாலிக்கொடி வீட்டுக்கு வந்துவிடும்.

கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்று மட்டும். அந்த மென்பொருளைப் போட்டுத்தந்த ஆள் தூரத்தில் இருந்து இயக்குவதற்கு எனிடெஸ்க் போட்டிருந்தால் அதை அழித்துவிடுங்கள். பிள்ளைகள் கேம் விளையாடும் அதே கம்ப்யூட்டர் என்றால் திணைக்களக் கடவுச்சொல்லை பிரவுசரில் சேமித்து வைக்காதீர்கள், வங்கிச் சான்றிதழ்களை ஒரு பென்டிரைவில் போட்டு அலுமாரியில் வையுங்கள்.

2025/26-க்கு மிச்சவரியைக் கட்டும் கடைசி நாள் செப்டெம்பர் 30, விவரத்திரட்டு நவம்பர் 30. நாள் இருக்கிறது. அதற்கு முன்னால் வருவது ஜூன் 12. பெரும்பாலான வைப்புகள் தானாகப் புதுப்பிக்கும்படிதான் போடப்பட்டிருக்கும், உங்களுடையதும் அப்படி இருந்தால் நீங்கள் தூங்கி எழும்பும்போது இன்னொரு வருடத்துக்குப் பூட்டுப்பட்டிருக்கும். முதல் வாரமே கிளைக்குப் போய், முதிர்ந்ததும் என் சேமிப்புக் கணக்குக்குப் போடுங்கள் என்று கையொப்பத்துடன் எழுதிக் கொடுங்கள், கொடுத்த கடிதத்தின் பிரதியில் அவர்களுடைய முத்திரையும் வாங்குங்கள். மச்சான் முடிவு சொல்லப் பிந்தினால் ஒரு மாத வைப்பாகப் போட்டு ஆடி வரை உருட்டலாம், வட்டி கொஞ்சம் குறையும், பரவாயில்லை.