ரோட்டரி என்ஜின் கட்டுகிறவர்களுக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டர்போ போடாமல் ரேஸுக்கு ரோட்டரி (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் என்ஜின்) கட்ட நினைக்கிறவர்கள் நம் பக்கத்தில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் மாஸ்தா 13பி என்ஜினை வைத்தே கேட்டிருப்பதால் பதில்களும் அதையே ஒட்டி.

1.3 லிட்டர்தானே, சின்ன கிளாஸில் ஓட்டலாமா? (ஓசூர்)

விட மாட்டார்கள். ஒரு ரோட்டருக்கு 654 சி.சி., இரண்டுக்கும் சேர்த்து 1308. ஆனால் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு ரோட்டரிலும் ஆளுக்கு ஒரு முறை பெட்ரோல் வெடித்துவிடும். ஒரு சுற்றில் அவ்வளவு காற்றை இழுக்க ஃபோர் ஸ்ட்ரோக் பிஸ்டன் என்ஜினுக்கு 2.6 லிட்டர் வேண்டும். அதனால்தான் பந்தய விதிகளில் ரோட்டரியின் சி.சி.யை ஓர் எண்ணால் பெருக்கிக் கிளாஸ் பிரிக்கிறார்கள். ஸ்பேனரை எடுக்குமுன் விதிப்புத்தகத்தை எடுங்கள்.

ஸ்ட்ரீட், பிரிட்ஜ், பெரிபெரல்: எந்த போர்ட் வெட்டட்டும்? (பர்கூர்)

முதல் என்ஜின் என்றால் ஸ்ட்ரீட் போர்ட், அதாவது காற்று வந்து போகும் துளையை (போர்ட்) அதே இடத்தில் கொஞ்சம் பெரிதாக்குவது. இதில் நான் பிடிவாதக்காரன்.

ரோட்டரியில் வால்வும் இல்லை, கேமும் இல்லை. துளையின் ஓரம் எங்கே முடிகிறதோ அதுதான் டைமிங். டை கிரைண்டரில் ஒரு மில்லிமீட்டர் அதிகம் தேய்த்தால் கேம்ஷாஃப்டையே மாற்றியதற்குச் சமம். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. இன்டேக் மூடும் ஓரத்தைத் தள்ளி வைத்தால் மேல் ஆர்.பி.எம்.மில் மூச்சு நன்றாக வரும், கீழே இழுவை குறையும். ரோட்டரின் மூலையில் இருக்கும் கார்னர் சீல் ஓடும் தடத்தைத் துளை தொடவே கூடாது. தொட்டால் சீலுக்கு அடியில் தாங்கல் போய், அது துளைக்குள் சாய்ந்து உடையும். பிரிட்ஜ் போர்ட்டில் தடத்துக்கு அந்தப் பக்கமும் ஒரு துளை வெட்டி, சீல் ஓட நடுவில் ஒல்லியான பாலம் விடுகிறார்கள். அந்தப் பாலம் விரிசல் விட்டால் துளை இருக்கும் பக்கத்து ப்ளேட்டே வீண்.

பெரிபெரல் போர்ட்டில் துளை ரோட்டரைச் சுற்றியிருக்கும் ஹவுசிங்கின் சுவரிலேயே இருக்கும். அதன் பவரை நான் மறுக்கவில்லை. 1991-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மாஸ்தா 787பி காரின் நான்கு ரோட்டர் என்ஜின் அந்த வகைதான், டர்போவும் கிடையாது. ஆனால் அதில் ஐடிலிங் நிற்காது, வளைவிலிருந்து வெளியே வரும்போது கீழ் ஆர்.பி.எம்.மில் திணறும். புதிதாக ஓட்டுகிறவருக்கு அது உதவாது. ஸ்ட்ரீட் போர்ட்டோடு 9.7:1 கம்ப்ரஷன் (அழுத்த விகிதம்) தரும் ரோட்டர் கிடைத்தால் போடுங்கள். டர்போ இல்லாத என்ஜினுக்கு அது பெரிய பலம்.

சித்திரை வெயிலைத் தாங்க பெரிய ரேடியேட்டர் போதுமா? (தருமபுரி)

போதாது. ரோட்டரின் வயிற்றுக்குள் பாய்ந்து அதைக் குளிர்விப்பது ஆயில்தான். ஆயில் கூலருக்கும் ரேடியேட்டருக்குக் கொடுக்கிற அதே மரியாதை வேண்டும். காற்று வர தனி வழி வையுங்கள்.

ஹவுசிங் அலுமினியம், பக்கத்து ப்ளேட்டுகள் வார்ப்பிரும்பு. சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரியாது. நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்குவது தண்ணீர் சீல். என் முதல் என்ஜின் இப்படித்தான் போனது. ஹோஸ் கிளாம்ப் தளர்ந்து தண்ணீர் இறங்கிவிட்டது; சென்சார் நனையாததால் கேஜ் முள் அசையவே இல்லை. நானும் அதை நம்பி ஓட்டினேன். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் வெள்ளைப் புகை, கூலன்ட்டின் இனிப்பு வாசனை. பிரித்தபோது ரப்பர் வளையம் கருகி நூல் நூலாகக் கையோடு வந்தது. அதற்குப் பிறகு தண்ணீருக்கு ஒரு பிரஷர் கேஜ் இல்லாமல் எந்த வண்டியையும் நான் ஷெட்டை விட்டு வெளியே விட்டதில்லை.

ஹவுசிங்கில் கோடு விழுந்திருக்கிறது. போர் அடித்து ஓவர்சைஸ் போடலாமா? (கிருஷ்ணகிரி)

முடியாது. பிஸ்டன் சிலிண்டரைப் போலக் கடைந்து பெரிதாக்க இதன் உள்சுவர் வட்டம் அல்ல, இடுப்பு ஒடுங்கிய வளைவு. மேலே கடின குரோம் பூச்சு. பூச்சு உரிந்திருந்தால் வேறு ஹவுசிங் தேடுவதே வழி. ரோட்டரின் முனையில் இந்தச் சுவரை உரசி ஓடும் அபெக்ஸ் சீலையும் உள்ளூரில் செய்ய வேண்டாம்.

ஆனால் ஓசூர் பட்டறைகளால் ஆகிற வேலை நிறைய. ஃபிளைவீல் நட்டுக்கு 54 மி.மீ. சாக்கெட் செய்து தருவார்கள். ஷாஃப்டின் எண்டு பிளே (முன்னும் பின்னும் அசையும் இடைவெளி) 0.04 முதல் 0.07 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். அதற்கு ஸ்பேசரைத் தேய்த்துத் தர மைக்ரானில் பழகிய கை வேண்டும். அந்தக் கைகள் நம் ஊரில் இருப்பது பெரிய கொடுப்பினை.

கட்டியது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (தேன்கனிக்கோட்டை)

சீல்கள் நழுவாமலிருக்க வாசலின் தடவிக் கட்டியிருப்பீர்கள். முதலில் வரும் புகை அதுதான், பயப்படாதீர்கள். ஒவ்வொரு ரோட்டருக்கும் ஒரு பிளக்கைக் கழற்றி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். ரோட்டரின் மூன்று பக்கத்துக்கும் ஒன்றாக, புஸ், புஸ், புஸ் என்று மூன்றும் ஒரே பலத்தில் வர வேண்டும். அடுத்தடுத்து இரண்டு மெலிந்தால் அபெக்ஸ் சீலைச் சந்தேகப்படுங்கள். ஒன்று மட்டும் மெலிந்தால் ரோட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சைடு சீல் அல்லது கார்னர் சீல். சாதா கம்ப்ரஷன் கேஜ் மூன்றில் பெரியதை மட்டும் காட்டி ஏமாற்றும்.

பெட்ரோலில் எவ்வளவு 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில்? (பாலக்கோடு)

சீல்களுக்கு ஆயில் ஊட்டும் ஆயில் மீட்டரிங் பம்பைக் கழற்றியிருந்தால் 10 லிட்டருக்கு 100 மில்லி. மறந்தால் சீல் போய்விடும்.

தொப்பூர் கணவாயில் ஓட்டிப் பார்க்கலாமா அண்ணா? (நல்லம்பள்ளி)

கூடவே கூடாது தம்பி. அந்த இறக்கத்தில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? வண்டியை லாரியில் ஏற்றுங்கள். கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போய்விடலாம். பயிற்சிக்கு எப்போது விடுவார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் 6000 ஆர்.பி.எம்.மைத் தாண்டாதீர்கள். ஐந்து சுற்றுக்கு ஒரு முறை உள்ளே வந்து தண்ணீர், ஆயில், கிளாம்ப் மூன்றையும் பாருங்கள்.