பெரிக்ளீஸ் உரையை மேற்கோள் குறிக்குள் போடலாமா?

வணக்கம். பண்டைய ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸ் போரில் இறந்தவர்களுக்காக ஆற்றிய இரங்கலுரையிலிருந்து நாலு வரி எடுத்து, 'பெரிக்ளீஸ் சொன்னார்' என்று மேற்கோள் குறியோடு எழுதியதை உங்கள் வழிகாட்டி சுழித்துவிட்டார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் செய்தது சரிதான். ஆனால் தப்பு சின்னது, மனம் விட்டுவிடாதீர்கள்.

அந்த உரை நமக்குக் கிடைப்பது அக்கால ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிய போர் வரலாற்றில். நிகழ்ந்தது கி.மு. 431-430 குளிர்காலத்தில். ஒலிப்பதிவா இருந்தது? அந்த வரலாற்றின் முதல் புத்தகம் 22ஆம் பகுதியில் துசிடிடீஸே மறைக்காமல் சொல்லிவிடுகிறார்: தான் கேட்டதையும் பிறர் வந்து சொன்னதையும் சொல்லுக்குச் சொல் நினைவில் வைப்பது கடினமாக இருந்தது, எனவே உண்மையில் பேசியதன் மொத்தக் கருத்தை முடிந்தவரை ஒட்டி, அந்தந்த வேளைக்குப் பொருத்தமாகத் தனக்குத் தோன்றியபடி பேசவைத்தேன் என்கிறார். இவ்வளவு நேர்மையான முன்னுரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

உரைகளுக்கு முன்னால் அவர் பெரும்பாலும் வைக்கும் சொல்லையும் பாருங்கள்: கிரேக்கத்தில் 'தொயாதெ'. 'இவற்றை' என்றல்ல, 'இப்படிப்பட்டவற்றை' என்று பொருள். பாப்பிரஸ் சுருளில் மேற்கோள் குறியே கிடையாது, சொற்களுக்கு நடுவே இடைவெளிகூட இல்லை. குறி போட்டதெல்லாம் பிற்காலப் பதிப்பாளர்கள்.

ஏதென்ஸ் தூதர்களும் மீலோஸ் தீவின் தலைவர்களும் பேசியதாக அவர் எழுதும் மீலோஸ் உரையாடலில் இன்னும் கவனம் தேவை. கி.மு. 424இல் ஆம்ஃபிபோலிஸ் நகரம் ஏதென்ஸின் கைநழுவியபின், அப்போது தளபதியாக இருந்த துசிடிடீஸுக்கு 20 ஆண்டு நாடுகடத்தல். கி.மு. 416இல் மூடிய அறைக்குள் நடந்த பேச்சை அவர் நேரில் கேட்டிருக்க வழியில்லை.

உங்கள் வரியை இப்படி மாற்றுங்கள்: 'துசிடிடீஸ் தரும் உரையில் பெரிக்ளீஸ் இவ்வாறு பேசுகிறார்'. மேற்கோள் குறி இருக்கட்டும். அது இப்போது துசிடிடீஸின் சொற்களைக் குறிக்கும்.