மாங்குளம் வீதிக் கிடங்கில் அடிபட்ட அலோய் றிம்

வணக்கம் தம்பி. கிடங்கில் விழுந்து முன் சில்லின் றிம் நெளிந்துவிட்டது, விடிவதற்குள் காற்று இறங்கிவிடுகிறது, வெல்டிங் பிடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டுப் பிடிக்க வேண்டாம். காற்றை நிரப்பி, சில்லைக் கழற்றி, உட்பக்க விளிம்பில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றுங்கள். ரயரும் றிம்மும் சேரும் இடத்தில் நுரை கிளம்பினால் நெளிவுதான், நிமிர்த்தலாம். வெறும் உலோகத்திலேயே நுரை வந்தால் அது வெடிப்பு.

வெடிப்பென்றால் மாற்றிவிடுங்கள். வெல்டிங் சூட்டில் அலோய் றிம்மின் அலுமினியம் தன் பலத்தை இழந்துவிடும். போன மாரியில் ஒட்டுசுட்டான் பக்கம் எனக்கு நடந்ததும் இதுதான். ஒட்டிய இடத்துக்கு ஒரு விரல் தள்ளி மூன்று கிழமையில் திரும்ப வெடித்தது. பிள்ளைகள் பின்சீற்றில் இருந்தார்கள்.

வவுனியாவில் பாவித்த ஜப்பான் றிம் தேடும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். விட்டம், அகலம், ஓஃப்செற் (றிம்மின் நடுக்கோட்டிலிருந்து நட்டுப் பூட்டும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) பெரும்பாலும் பின்பக்கத்தில் பொறித்திருக்கும். நட்டுத் துளைகளின் இடைவெளியும் நடுத்துளையும் பொருந்த வேண்டும். 4 துளை என்றால் எல்லாம் ஒன்றல்ல. எதிரெதிர்த் துளைகளின் நடுவுக்கு நடு இடைவெளி 100 மில்லிமீற்றரும் உண்டு, 114.3உம் உண்டு.

சரி, ரயரின் பக்கச் சுவரையும் தடவிப் பாருங்கள். கொப்புளம் போல வீங்கியிருந்தால் உள்நூல் அறுந்துவிட்டது; அந்த ரயரோடு ஏ9 வீதியில் ஏற வேண்டாம்.