நுழைவாயிலில் செல்லாமல் போன டிக்கெட்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: நாங்கள் மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரில் வசிக்கிறோம். என் மகளுக்கு மிகவும் பிடித்த கன்ட்ரி-பாப் பாடகி ஒருவர் ஜூலையில் மினியாபொலிஸில் பாடினார். மார்ச் மாதமே மறுவிற்பனைத் தளம் ஒன்றில் தலா 240 டாலர் என்று காட்டிய இரண்டு டிக்கெட்டுகளை வாங்கினேன். இறுதியில் கிரெடிட் கார்டில் 612 டாலர் பிடித்தார்கள். வாயிலில் ஸ்கேன் செய்தபோது இரண்டுமே ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டவை’ என்று வந்தது. தளத்தினர் பணத்துக்குப் பதில் அடுத்த நிகழ்ச்சிக்கான கூப்பன் தருகிறோம் என்கிறார்கள். ஏற்றுக்கொள்ளலாமா? ஹோட்டல் செலவைக் கேட்க முடியுமா?

பதில்: இரண்டரை மணி நேரம் காரில் போய், வாயிலில் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு, உள்ளே பாட்டு தொடங்குவதைக் கேட்டபடி மகளுடன் திரும்பி நடந்த அந்த இரவுக்கு எந்தச் சட்டத்திலும் ஈடு இல்லை. ஆனால் 612 டாலரை மீட்க வழி இருக்கிறது. முதலில், கூப்பனை ஏற்காதீர்கள். அதை ஏற்றுக்கொண்டால், பிரச்சினை சமரசமாக முடிந்துவிட்டது என்று தளத்தினர் உங்களுக்குக் கார்டு தந்த வங்கியிடம் சொல்லிவிடலாம்.

உங்கள் விஷயத்தில் சிக்கலான இடம் காலக்கெடு. கிரெடிட் கார்டு கணக்குத் தவறுகள் பற்றிய கூட்டாட்சிச் சட்டத்தின்படி, ஒப்புக்கொண்டபடி தரப்படாத சேவைக்கான கட்டணத்தையும் ஒரு கணக்குத் தவறாகவே கொண்டு எதிர்க்கலாம். ஆனால் அந்தக் கட்டணம் இடம்பெற்ற முதல் மாதக் கணக்கு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவித்திருக்க வேண்டும். மார்ச்சில் வாங்கிய டிக்கெட் செல்லாது என்பதை ஜூலையில்தான் அறிந்தீர்கள் என்பதால், வங்கி இந்தக் கெடுவைக் காட்டி மறுக்க வாய்ப்புண்டு. அதோடு மனம் தளர்ந்துவிட வேண்டாம். விசா, மாஸ்டர்கார்டு ஆகிய கார்டு நிறுவனங்களின் சொந்த விதிகள், எதிர்காலத் தேதியில் கிடைக்க வேண்டிய சேவை கிடைக்காதபோது, பொதுவாக அந்தத் தேதியிலிருந்து 120 நாட்கள் வரை ‘சார்ஜ்பேக்’, அதாவது கார்டில் பிடித்த பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவதைக் கோர இடம் தருகின்றன. எனவே நிகழ்ச்சி நடந்த தேதியைக் குறிப்பிட்டு, இன்றே வங்கிக்குத் தொலைபேசியில் சொல்வதோடு எழுத்திலும் அனுப்புங்கள்.

வங்கி உங்கள் சொல்லை மட்டும் வைத்து முடிவெடுக்காது. அரங்கின் டிக்கெட் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, அந்த இரண்டு டிக்கெட்டுகளும் எத்தனை மணிக்கு, எந்த வாயிலில் முதலில் ஸ்கேன் செய்யப்பட்டன, அல்லது எப்போது ரத்தாயின என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் கார் நிறுத்தக் கட்டண ரசீதில் இருக்கும் நேரத்துக்கு முன்பே அவை ஸ்கேன் ஆகியிருந்தால், அந்த ஒரு பதில் பத்துப் பக்க வாதத்துக்குச் சமம். விற்றவர் டிக்கெட்டைச் செயலி வழியாக உங்கள் கணக்குக்கு மாற்றித் தந்தாரா, வெறும் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாரா என்பதையும் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் என்றால் அதே படம் வேறு பலருக்கும் போயிருக்கலாம்.

மாநிலச் சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2022-ல் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் நிகழ்ச்சிக்கான விற்பனை குளறுபடியானபோது டிக்கெட் கிடைக்காமல் தவித்தவர்களில் மினசோட்டா சட்டமன்ற உறுப்பினர் கெல்லி மோலரும் ஒருவர். அவர் முன்னின்று கொண்டுவந்த மசோதா 2024 மே மாதம் கையெழுத்தாகி, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. (மசோதாவின் எண் 1989, ஸ்விஃப்ட் பிறந்த ஆண்டு.) ஒரே டிக்கெட்டை ஒன்றுக்கு மேற்பட்டவருக்கு விற்பதை அது தடை செய்கிறது. கட்டணங்கள் அனைத்தும் சேர்ந்த முழு விலையைத் தொடக்கத்திலேயே காட்டவும் சொல்கிறது. 480 என்று காட்டி 612 வசூலித்திருப்பதால், கடைசிப் பக்கத்தில் கூடிய 132 டாலர் தனி மீறலாகக் கொள்ளத்தக்கது. இவை இரண்டையும் தனித்தனிப் பத்திகளில் எழுதி, மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான மினசோட்டா அட்டர்னி ஜெனரலின் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அரசு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்த பிறகு இறங்கி வரும் நிறுவனங்கள் உண்டு.

அதற்கும் அசையாவிட்டால் கன்சிலியேஷன் நீதிமன்றம் எனப்படும் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. 20,000 டாலர் வரையிலான வழக்குகளை அங்கே வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே நடத்தலாம். தளத்தின் விதிமுறைகளில் நீதிமன்றத்துக்குப் பதில் தனியார் நடுவர் தீர்ப்புக்கே போக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கக்கூடும். ஆனால் அத்தகைய பல ஒப்பந்தங்கள் சிறு வழக்கு நீதிமன்றத்துக்கு விலக்குத் தருகின்றன என்பதால் அந்தப் பத்தியை முழுவதும் படியுங்கள்.

ஹோட்டல், பெட்ரோல் செலவை வங்கி வழியாகப் பெற முடியாது. நீதிமன்றத்தில் மட்டுமே கேட்கலாம். டிக்கெட் விலைக்கு மேல் பொறுப்பேற்க மாட்டோம் என்ற நிபந்தனையைத் தளத்தினர் முன்வைப்பார்கள் என்பதால், அது கிடைக்கும் என்று உறுதி சொல்ல என்னால் இயலாது. ஆயினும் ரசீதுகளைச் சேர்த்தே மனுப் போடுங்கள்; கேட்காத தொகையை எந்த நீதிபதியும் தானாக வழங்க மாட்டார்.